ஈரலுக்கு மட்டும் போகிற குமிழி

காற்று என்றால் எனக்கு ஜென்மப் பகை. ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். தென்காசியிலிருந்து ஒரு டாக்டர் போன் போட்டு, "படமே வரலைவே, உங்க மெஷின் அவுட்டு" என்று சத்தம் போடுவார். பஸ் பிடித்து ஓடிப் போய்ப் பார்த்தால் மெஷின் ராஜா மாதிரி இருக்கும். வயிற்றின் மேல் வைக்கிற புரோப்பின் நுனியில் பழைய ஜெல் காய்ந்து, அதற்கும் தோலுக்கும் நடுவில் மயிரிழைக் காற்று புகுந்திருக்கும். சங்கதி அவ்வளவுதான். ஸ்கேன் என்பது காதுக்குக் கேட்காத சத்தம். சதைக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் ஜம்மென்று போகும். காற்றைக் கண்டால் முட்டித் திரும்பிவிடும். அந்தக் காற்றை ஒழிக்கத்தான் வழவழவென்று ஜெல்லைத் தடவுகிறோம். நுனியைத் துடைத்துக் காட்டிவிட்டு, "இதுக்கா டாக்டர் என்னை இம்புட்டுத் தூரம் இழுத்தடிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. திருநெல்வேலியை ஒட்டிய பேட்டைத் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, பழுதான மெஷின்களை அங்கே கொண்டுவந்து பிரித்துப் போட்டிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் டாக்டர் எனக்குச் சிநேகம். வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிக்கிற மனுஷன். ஒரு நாள் அவருடைய மெஷினைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, "உமக்கு ஒரு கூத்து சொல்லட்டாவே? இப்ப ரத்தத்துக்குள்ள வேணும்னே காத்துக் குமிழிய ஊசியில ஏத்துதானுவ" என்றார்.

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. "காத்தை ஏத்தினா ஆளு செத்துருவான்லா!"

"பெரிய குமிழின்னா சாவான். இது சிவப்பணுவைவிடச் சின்னது. மேல புரதத்துல ஒரு தோலு. கையில போட்டா நெஞ்சு வழியா உடம்பு பூராவும் சுத்தி வரும். காத்துல்லா, ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும்."

அட, இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். நான் ஆயுசு பூராவும் விரட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை ஒருவன் உள்ளே கூப்பிட்டு வேலை வாங்குகிறான்! அவர் அதோடு விடவில்லை. "சத்தத்தைக் கூட்டினா குமிழி உடஞ்சிரும். உடம்பு பூராவும் இல்ல, புரோப்பை வச்ச இடத்துல மட்டும். இப்ப அந்தத் தோல்ல ஒரு ஜீனை ஒட்டி அனுப்பிட்டு, ஈரலுக்கு மேல புரோப்பை வச்சா என்ன ஆவும்? ஈரல்ல மட்டும் உடையும். உடையுத அதிர்ச்சியில அங்கன உள்ள செல்லுக்குச் சுவரு கொஞ்ச நேரம் வாயைத் தொறக்கும். ஜீன் உள்ள போயிரும். மத்த உறுப்புக்குப் போவாது."

"ஈரலுக்கா டாக்டர்?" என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

நான் எதற்காகக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும். "அந்தப் பிள்ளைக்குன்னு நினைச்சிராதேயும். ஆய்வுக்கூடத்துல செல்லுலயும் எலியிலயும் இப்பதான் தொடங்கியிருக்கானுவ. எலிக்கே ஒழுங்கா முடியல" என்றார்.

அந்தப் பிள்ளை என்பது என் அக்காவின் இளைய மகள். ஆழ்வார்குறிச்சியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மஞ்சள்காமாலை வந்து வந்து போயிற்று. ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். கொஞ்சம் தெளிவாள், மறுபடி படுப்பாள். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. முத்து முத்தாக எழுதுகிறவள் எழுத்துக் கோணலாகப் போயிற்று. வாத்தியார் அடித்தார். மதுரைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்து, கருவிழியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் ஓடுவதைக் காட்டினார். ஈரலில் செம்பு சேருகிற நோய் என்றார். எல்லாச் சாப்பாட்டிலும் துளி செம்பு உண்டு, நல்ல ஈரல் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும், இவள் ஈரலுக்கு அந்த வேலை தெரியாது, ஜீனில் கோளாறு, ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட்டால் நன்றாக இருப்பாள், நிறுத்தினால் ஆபத்து. இவ்வளவையும் அவர் நிதானமாகத்தான் சொன்னார்.

அக்காவுக்கு இதில் ஒரு சொல்தான் காதில் ஏறிற்று: செம்பு. டாக்டர் சொன்னபடி வீட்டில் இருந்த செம்புக் குடத்தைப் பரணில் போட்டாள், சரி. அதற்கு மேல் ஒரு படி போய், குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீரையே நிறுத்திவிட்டாள். "தாமிரபரணின்னுதானலே பேரு வச்சிருக்கு? தாமிரம் இல்லாமயா வச்சிருப்பாக? அதான் பிள்ளைக்கு ஈரல்ல சேந்துட்டு" என்று பல மாதம் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சமைத்தாள். ஊரே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்குது, எல்லாவனுக்குமா கண்ணில் வளையம் ஓடுது என்று நான் கத்திய பிறகுதான் விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன? கையில் பிடிக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது அவளுக்கு.

நிஜமான காரணம் வீட்டுக்குள் இருந்தது. அக்காவைக் கட்டிய அத்தான் எங்கள் தாய்மாமன் மகன்தான். ஒரே குடும்பத்து ரத்தம். அம்மாவிடமிருந்து ஒரு கோளாறு ஜீனும் அப்பாவிடமிருந்து ஒன்றும் சேர்ந்து வந்தால்தான் இந்த நோய் வரும் என்று மதுரை டாக்டர் விளக்கினார். ஒன்று மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது. ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருப்பான், ஆனால் பிள்ளைக்குக் கொடுப்பான். "இனியாவது சொந்தத்துக்குள்ள கல்யாணம் வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, "மூத்த பொண்ணையும் சோதிச்சிருவோம்" என்றார். மூத்தவளுக்கு நோய் இல்லை. கடத்துகிற ஜீன் இருக்கிறதா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. இருக்கலாம். என் அக்காவுக்கு இருப்பது உறுதி என்பதால் எனக்கும் இருக்கலாம்.

இதில் எனக்கு என்ன வந்தது என்றால், அந்த மூத்தவளைத்தான் நான் கட்டவேண்டும் என்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அக்கா மகள் தாய்மாமனுக்குத்தான். யாரும் கூடிப் பேசி முடிவு செய்வதில்லை, தானாக முடிவாகியிருக்கும். முப்பது தாண்டியும் எனக்கு ஒரு தரகர் ஜாதகம் கொண்டு வந்ததில்லை. "அவனுக்கென்ன, அக்கா மவ காத்திருக்காள்லா" என்று விட்டுவிட்டார்கள். மதுரை டாக்டர் சொன்னதும் நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ரத்தம் ஒத்து வராதுக்கா, டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன். அது பொய்யும் இல்லை. அக்கா இரண்டு வருஷமும் மூச்சு விடவில்லை. அத்தான் மட்டும் ஒரு தடவை, "நீயே வேண்டாம்னுட்டா இந்த வீட்டுப் பொண்ணை வெளியில எவம்லே எடுப்பான்?" என்று கேட்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

டாக்டர் குமிழிக் கதையைச் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. உடைகிறதா இல்லையா, என் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஜீனுக்கு நான் எங்கே போக? குமிழி செய்யலாமே! முதலில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கோலி சோடாவை உடைத்து ஊற்றி, புரோப்பை வைத்தேன். திரை முழுக்க வெள்ளை. புகை மூட்டம் போட்ட மாதிரி. சோப்புத் தண்ணீரை அடித்து ஊற்றினேன். நுரை மேலே வந்து மிதந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. டாக்டரிடம் போய்க் கேட்டால், "உம்ம குமிழிக்குத் தோலு இல்லைவே. நிஜக் குமிழிக்கு ஆல்புமின்ல தோலு இருக்கு. முட்டை வெள்ளைக்கருவுல இருக்குல்லா, கிட்டத்தட்ட அந்தச் சாமான்" என்றார்.

நாங்கள் சைவம். முட்டை வாங்குவதற்கு நான் பேட்டையில் ஒரு கடையைத் தாண்டிப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தேன். பக்கத்துப் பட்டறையில் தகரம் வெட்டுகிறவர் பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, சைவக்காரருக்கு முட்டை? வீட்டுல தெரியுமா?" என்று ஒரு வாரம் ஓட்டினார்.

ஈரலுக்கு ஒரு பொம்மையும் வேண்டியிருந்தது. நோன்பு மாதத்தில் பேட்டையில் பாய் வீடுகளில் செய்வார்களே கடல்பாசி, அதைக் காய்ச்சி ஒரு சாப்பாட்டு டப்பாவில் ஊற்றினேன். இறுகுவதற்கு முன்னால் நடுவில் ஒரு டிரிப் குழாயைச் சொருகி, இறுகிய பின் பைய உருவினேன். உள்ளே ரத்தக்குழாய் மாதிரி ஒரு துளை. வெள்ளைக்கருவை உப்புத் தண்ணீரில் கலந்து, இரண்டு ஊசிக் குழல்களை முகத்துக்கு முகம் மாட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விறுவிறுவென்று தள்ளினால் பால் போலாகும். அதைத் துளைக்குள் ஏற்றி, புரோப்பை வைத்தேன். கறுப்பாகக் கிடந்த துளைக்குள் அரிசிமாவு கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாக வந்து நின்றது. சத்தத்தைக் கூட்டுகிற திருகைப் பைய முறுக்கினேன். மாவு மங்கியது. இன்னும் முறுக்கினேன். காணோம்! புரோப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் பக்கத்தில் மாவு அப்படியே கிடக்கிறது. நின்ற இடத்தில் மட்டும் காலி. கொட்டகையில் தனியாக நின்று, "அடிச் சக்கை!" என்று கூவினேன். பெரிய குமிழிகள் சில அசையவே இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அவை நுரைப் பட்டாளம், அவற்றை விடுங்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை அக்கா, அத்தான், இரண்டு பெண்கள் எல்லாரும் திருநெல்வேலிக்கு வந்தார்கள். சின்னவளுக்கு ரத்தச் சோதனை. சாயங்கால ரயிலுக்கு நேரம் கிடந்தது. கொட்டகைக்குக் கூட்டி வந்தேன். மூத்தவள் அப்போது பாளையங்கோட்டையில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். என்னைக் கண்டால் அவளுக்கு எப்போதும் கிண்டல். "மாமா, இது என்ன, கடல்பாசி வித்துப் பிழைக்கப் போறீங்களா?" என்று டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

வாய் சும்மா இருக்குமா எனக்கு? இருங்கடி காட்டுதேன் என்று மெஷினைப் போட்டுவிட்டேன். சின்னவள் கையில் புரோப்பைக் கொடுத்தேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தபின் அவள் கை நடுக்கம் வெகுவாகக் குறைந்திருந்தது. "ஈரலுக்கு மேல பிடி" என்றேன். டப்பாவின் மேல் ஜெல்லை வைத்து அழுத்தமாகப் பிடித்தாள். நான் ஊசிக் குழலைத் தள்ளிக்கொண்டே, குமிழியில் ஜீனை ஒட்டி அனுப்புவதையும், புரோப் இருக்கிற உறுப்பில் மட்டும் உடைவதையும் கதை மாதிரிச் சொன்னேன்.

"வெள்ளையா என்னலே அது?" என்று அக்கா எட்டிப் பார்த்தாள்.

"முட்டைக்கா."

"சீச்சீ! சனிக்கிழமையும் அதுவுமா! தள்ளி நில்லுங்க பிள்ளைகளா" என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஆனால் அங்கிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

குமிழிகள் திரையில் வந்தன. சின்னவளே திருகை முறுக்கினாள். வெள்ளை மறைந்தது. "ஐ!" என்றாள். "மாமா, இப்ப இந்த எடத்துல மட்டும் மருந்து எறங்கிட்டா?" நான் ஆமாம் என்றேன். இது வந்தால் ஈரலுக்குத் தெரியாத வேலையை ஈரலுக்கே சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றேன். எனக்கு உற்சாகம் தலைக்கேறியிருந்தது. இன்னும் எலிக்கே முடியவில்லை என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன்தான். ஆனால் எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில், தணிந்த குரலில் சொன்னேன். அதை யார் கேட்டார்கள்?

அக்கா வாசலிலிருந்து உள்ளே வந்தாள். முட்டையும் மறந்துவிட்டது, மூக்கும் மறந்துவிட்டது. "அப்ப இந்த ரத்தக் கோளாறைச் சரி பண்ணிரலாம்ங்கியா?"

"என்னைக்கோ ஒரு நாள்க்கா. வருஷம் எவ்வளவு ஆவுமோ."

"வருதா வரலையா, அதைச் சொல்லுலே."

"வரலாம்."

அவள் அத்தானைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில். "கேட்டீகளா? நாளைக்கு இவங்களுக்குப் பிள்ளை பொறந்து அப்படியே ஏதும் இருந்தாலும் சரி பண்ணிக்கிடலாமாம். இனி என்ன தடை? வைகாசியில கல்யாணத்தை வச்சிருவோம்."

அத்தான் வேட்டியைச் சரி செய்துகொண்டு, "அவன் படிச்சவன், அவனே ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுதான். நமக்கென்ன?" என்றார்.

என்ன எளவு இது! நானே முட்டை வாங்கி, நானே கடல்பாசி காய்ச்சி, நானே ஊசி தள்ளி, இரண்டு வருஷமாக நான் ஒளிந்திருந்த ஒரே சுவரை நானே உடைத்திருக்கிறேன். "அக்கா, அது இன்னும் எலிக்கே..." என்று ஆரம்பித்தேன். அவள் கையை உயர்த்தி அடக்கிவிட்டாள். "எலிக்கு முடிஞ்சா மனுசனுக்கு முடியாதா? நீ சும்மாரு. என் பொண்ணு இந்தச் சீக்கு வீட்டுல பொறந்தவன்னு எவன் வாசல்லயும் நிக்காம, உன் வீட்டுக்கு வந்துட்டான்னா நான் நிம்மதியாக் கண்ணை மூடுவேம்லே." அவள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை.

மூத்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் எல்லாம் போயிருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அந்த மருந்து நாளைக்கே வந்துட்டுன்னு வைங்க. உங்க ரத்தம், என் ரத்தம் எல்லாத்தையும் சரி பண்ணிட்டாங்க. ஒரு குறையும் இல்ல. அப்ப என்னைக் கட்டிக்கிடுவீங்களா?"

பக்கத்துப் பட்டறையில் தகரம் வெட்டும் சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றுவிட்டது. சமாளித்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். என்னென்னவோ சொல்லியிருக்கலாம். அவள் பார்வை விடவில்லை.

"மாட்டேன்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. "உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துல கொண்டுவிட்டவன்டி நான். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவன். உன்னை எப்படிக் கட்ட முடியும்? மருந்து வந்தாலும் மாட்டேன், வராட்டாலும் மாட்டேன். ரத்தத்துல கோளாறே இல்லைன்னாலும் மாட்டேன்."

"அப்பாடா!" என்றாள். நிஜமாகவே மூச்சு விட்டாள். "எனக்கும் வேண்டாம் மாமா. உங்களைப் பாத்தா எனக்கு அப்பா ஞாபகம்தான் வருது." அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியாம்மா? எனக்கு ரத்தம் சரியில்லன்னு இவங்க வேண்டாங்கல. வெளியில இருந்து வாரவங்ககிட்ட நான் எல்லாத்தையும் சொல்லுவேன். வந்தா வரட்டும், வராட்டா போகட்டும். நீ இதுக்காக யார் காலுலயும் விழ வேண்டாம்."

அக்கா வாயைத் திறந்தாள். அவள் கோபத்துக்கு இந்தக் கொட்டகை தாங்காது என்று எனக்குத் தெரியும். எதையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அப்ப என்னாலன்னு இல்லையா மாமா?"

சின்னவள். புரோப்பை இன்னும் டப்பாவின் மேலேயே பிடித்திருந்தாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னதுட்டி உன்னால?" என்றேன்.

"அக்கா கல்யாணம் நின்னது. எனக்குச் சீக்கு வந்ததாலதானே நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு நினைச்சேன். அம்மா அழுததுக்கெல்லாம் நான்தான்னு..."

அக்காவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மூத்தவள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். பதிமூன்று வயசுப் பிள்ளை, வேளை தவறாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இல்லட்டி. உன்னால இல்லவே இல்ல. உனக்குச் சீக்கே வந்திருக்காட்டாலும் நான் மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன்."

"நெசமாவா?"

"சத்தியமா."

அவள் புரோப்பைக் கீழே வைத்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"